வளைகுடாவுக்குப் புறப்படும் முன் இந்தி: டெல்டாக்காரருக்கு ஒரு வழிகாட்டி

மெடிக்கல் முடிந்து, பாஸ்போர்ட் ஏஜென்ட்டின் கைக்குப் போய், விசா அடித்து வருவதற்குள் எப்படியும் இரண்டு மூன்று மாதம் ஓடிவிடும். மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி, பட்டுக்கோட்டைப் பக்கத்துப் பிள்ளைகள் இந்தக் காலத்தைப் பெரும்பாலும் டீக்கடையிலும் ஏஜென்ட் அலுவலக வாசலிலும்தான் கழிக்கிறார்கள். நானும் அப்படித்தான் கழித்தேன். குவைத்தில் ஒரு குழாய்க் கிடங்கில் உதவியாளாகச் சேர்ந்த முதல் வாரமே அதன் பலனை அனுபவித்தேன். அந்த மூன்று மாதத்தில் தினமும் ஒரு மணி நேரம் ஒதுக்கினால் வேலைக்குப் போதுமான இந்தியைப் பேசப் பழகிவிடலாம். எதை முதலில் படிப்பது, எதைத் தள்ளிப்போடுவது, எதை விட்டேவிடுவது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

உங்களுக்கு இந்தி தேவையா என்பதை முதலில் தீர்மானித்துக்கொள்ளுங்கள். சிங்கப்பூர் செல்பவருக்குத் தேவையில்லை. அங்கே தமிழ் நான்கு ஆட்சிமொழிகளுள் ஒன்று. மலேசியா செல்பவர் மலாய் படிப்பது நல்லது. சவூதி, ஐக்கிய அரபு அமீரகம், குவைத், கத்தார், ஓமன், பஹ்ரைன் ஆகிய ஆறு நாடுகளுக்குக் கட்டடம், கிடங்கு, ஓட்டுநர், உணவகம் போன்ற வேலைகளுக்குச் செல்பவருக்குத்தான் இந்தி உண்மையிலேயே உதவும். அங்கே ஒரே அறையில் பீகார்காரரும் பாகிஸ்தானியரும் நேபாளியும் வங்காளதேசத்தவரும் படுத்திருப்பார்கள். அவர்களுக்குள் பொதுவாக ஓடுவது, இவர் இந்தி என்றும் அவர் உருது என்றும் பெயர் சொல்லும் ஒரே பேச்சுதான். எழுதும்போது எழுத்து வேறு. பேசும்போது சிலபல சொற்களைத் தவிர வேறுபாடு தெரியாது. இவர்களில் பலருக்கும் அது தாய்மொழி அன்று என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பீகார்காரர் வீட்டில் போஜ்புரியோ மைதிலியோ பேசுவார். நேபாளியும் வங்காளியும் நம்மைப் போலவே கற்றுக்கொண்டு பேசுபவர்கள். ஆகவே நீங்கள் பிழையாகப் பேசினால் சிரிப்பவர் குறைவு.

அரபு வீட்டில் தனியாக வீட்டு வேலைக்குச் செல்லும் பெண்கள் மட்டும் இந்தியைவிட அரபுச் சொற்களுக்கு அதிக நேரம் கொடுப்பது நல்லது என்பது என் கருத்து. அந்த வீட்டுச் சமையற்காரரோடும் ஓட்டுநரோடும் பேச இந்தி உதவலாம். ஆனால் நாள் முழுவதும் காதில் விழப்போவது வீட்டுக்காரரின் அரபுதான்.

கையில் ஏற்கெனவே இருப்பது

1968இல் சட்டமன்றம் இருமொழிக் கொள்கைத் தீர்மானத்தை நிறைவேற்றியதிலிருந்து தமிழக அரசுப் பள்ளிகளில் இந்தி கிடையாது. அதனால் நம்மில் பலரும் எழுத்தே தெரியாமல்தான் தொடங்குகிறோம். ஆனாலும் ஒன்றுமே தெரியாமல் தொடங்குகிறோம் என்று நினைக்க வேண்டாம். தயார், பாக்கி, வசூல், நகல், ரசீது என்று நாம் நாளும் புழங்கும் சொற்கள் சிறிய ஒலி மாற்றத்தோடு அங்கேயும் அதே பொருளில் வழங்குகின்றன. கிராம நிர்வாக அலுவலரின் பயிர்க் கணக்கான அடங்கலில் ‘பசலி’ என்று ஆண்டு போட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். இந்தியில் ‘ஃபஸல்’ என்றால் விளைச்சல். கூத்தாநல்லூர், முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம் பக்கம் வெளிநாடு சென்று சம்பாதிப்பவரைச் ‘சபுராளி’ என்பார்கள். ‘ஸஃபர்’ என்பது இந்தியிலும் பயணம்தான். முதல் நாள் ஒரு நோட்டு எடுத்து இப்படிப்பட்ட சொற்களை நீங்களே எழுதிப் பாருங்கள். ஐம்பதாவது தேறும்.

சொற்களைவிடப் பெரிய லாபம் வாக்கிய அமைப்பில் இருக்கிறது. ஆங்கிலத்தில் தடுமாறுகிறவர்கள் இந்தியில் அவ்வளவு தடுமாறாததற்குக் காரணம், வினை கடைசியில் வருவதும், வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டுவதும் இரு மொழிகளுக்கும் பொது என்பதே. ‘கம்பெனியிலிருந்து’ என்பது ‘கம்பெனி ஸே’. ‘கேம்பில்’ என்பது ‘கேம்ப் மே’. ‘மேசை மேல்’ என்பது ‘மேஸ் பர்’. எல்லாவற்றுக்கும் மேலாக, நம்முடைய ‘எனக்கு’ அங்கே ‘முஜே’ என்று அப்படியே இருக்கிறது. ‘எனக்குத் தண்ணீர் வேண்டும்’ என்பதைச் சொல்லுக்குச் சொல் மாற்றினால் ‘முஜே பானீ சாஹியே’. ‘எனக்குத் தெரியும்’ என்பது ‘முஜே மாலூம் ஹை’. ‘எனக்குக் காய்ச்சல் இருக்கிறது’ என்பது ‘முஜே புகார் ஹை’. இந்தக் கடைசி வாக்கியத்தை அறைத்தோழர் ஒருவர் முதன்முதலில் என்னிடம் சொன்னபோது, யார் மேலோ புகார் கொடுக்கப் போகிறார் என்று நினைத்து, ஏதும் சண்டையா என்று கையாலேயே கேட்டேன். காவிரி கடலில் கலக்கும் ஊருக்கும், காவல் நிலையத்தில் எழுதிக் கொடுக்கும் மனுவுக்கும் நாம் வைத்திருக்கும் சொல் அங்கே காய்ச்சலாகிவிடுகிறது. நம் பொருளிலான புகாருக்கு அவர்கள் சொல் ‘ஷிகாயத்’.

முதல் இரண்டு வாரமும் இந்த ‘முஜே’ வாக்கியங்களை மட்டும் பழகுங்கள். வேண்டும், வேண்டாம், தெரியும், தெரியாது, பசிக்கிறது, வலிக்கிறது, கிடைத்தது, கிடைக்கவில்லை. இந்த எட்டையும் வைத்துக்கொண்டே முதல் மாதத்தை ஓட்டிவிடலாம். வேலைத்தளத்தில் ‘மேரே கோ’ என்று பலர் சொல்லக் கேட்பீர்கள். அதுவும் எனக்கு என்பதே, கேட்டால் புரிந்துகொள்ளுங்கள். மாறுபடும் இடம் ஒன்றை மட்டும் கவனியுங்கள்: நம் மொழியில் மறுப்பு வினையின் வாலில் ஒட்டிக்கொண்டு ‘போகவில்லை’ என்று வரும், அவர்கள் ‘நஹீ’ என்பதை வினைக்கு முன்னால் வைப்பார்கள்.

பேச்சும் சோறும் பிறகும்

தமிழ் எழுத்தில் அச்சான இந்திப் புத்தகங்களை மட்டும் நம்பிப் படித்தவர்கள் மாட்டிக்கொள்வது ஒலியில்தான். ‘பாத்’ என்று தமிழில் எழுதினால் அது இந்தியில் பேச்சாகவும் இருக்கலாம், சோறாகவும் இருக்கலாம், பிறகு என்றும் பொருள்படலாம். மூன்றும் மூன்று வெவ்வேறு ஒலி. ‘கானா’ என்பது சாப்பாடா பாட்டா என்பதும் அப்படியே. நம் ஒரு ‘க’ அங்கே நான்கு. ச, ட, த, ப ஆகியவற்றுக்கும் அதே கணக்கு.

இதற்குப் பயப்பட வேண்டியதில்லை. அந்த நான்கில் இரண்டு நம் வாயில் ஏற்கெனவே இருக்கின்றன. ‘பக்கம்’ என்று சொல்லும்போது வருவது ஒன்று; ‘தங்கம்’ என்று சொல்லும்போது மெல்லெழுத்தை அடுத்து வருவது மற்றொன்று. ‘பந்து’, ‘கம்பி’, ‘வண்டி’, ‘மஞ்சள்’ ஆகிய சொற்களிலும் அந்த இரண்டாவது வகை ஒலி வருகிறது. முன்னால் இருக்கும் மெல்லெழுத்தை விழுங்கிவிட்டு அந்த ஒலியை மட்டும் சொல்லின் தொடக்கத்தில் வைத்துப் பழகினால் போதும். மற்ற இரண்டும் இவற்றையே மூச்சோடு தள்ளிச் சொல்பவை. உதட்டுக்கு நேரே ஒரு துண்டு செய்தித்தாளைப் பிடித்துக்கொண்டு சொல்லுங்கள். தாள் ஆடினால் மூச்சு வருகிறது, ஆடாவிட்டால் வரவில்லை. சாப்பாட்டுக்கான ‘கானா’வில் தாள் ஆட வேண்டும், பாட்டுக்கான ‘கானா’வில் ஆடக்கூடாது. நோட்டில் தமிழிலேயே எழுதிக்கொள்ளலாம். ‘தங்கம்’ வகை ஒலிக்கு அடிக்கோடு, மூச்சொலிக்குப் பக்கத்தில் ஒரு ஆய்தம் என்று நீங்களே அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். நான் அப்படித்தான் எழுதினேன்.

எண்கள்

இந்தியில் கடினமானது எது என்று கேட்டால் இலக்கணம் என்று பலர் சொல்வார்கள். நான் எண்கள் என்பேன். கூலி, நேரம், அளவு, அறை எண், பேருந்து எண் எல்லாமே எண்தான், அங்கே பிழை விட்டால் நஷ்டம் நமக்கு.

தமிழில் இருபத்தைந்து என்றால் இருபதும் ஐந்தும் வெளிப்படையாகத் தெரியும். இந்தியில் ‘பச்சீஸ்’ என்பதற்குள் ‘பீஸ்’ என்ற இருபதையும் ‘பாஞ்ச்’ என்ற ஐந்தையும் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஒன்று முதல் நூறு வரை பெரும்பாலும் ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பாடம் செய்வதுதான் வழி. முதலில் ஒன்று முதல் இருபது வரை, பிறகு பத்து பத்தாக நூறு வரை, அதன் பிறகு இடையில் உள்ளவை என்று போங்கள். ‘உன்’ என்று தொடங்கும் எண்கள் அடுத்த பத்துக்கு ஒன்று குறைவு: ‘உன்னீஸ்’ 19, ‘உன்தீஸ்’ 29, ‘உன்தாலீஸ்’ 39. இந்த முறை 79 வரை வரும். 89க்கும் 99க்கும் வராது. நேரெதிரே நின்று குழப்பும் சோடிகள் இரண்டு. 17 ‘ஸத்ரஹ்’, 70 ‘ஸத்தர்’. 7 ‘ஸாத்’, 60 ‘ஸாட்’. பணம் பேசும்போது இவற்றைத் தாளில் எழுதிக் காட்டச் சொல்வதில் வெட்கமே வேண்டாம்.

இனி அரையும் காலும். தமிழில் ஒன்றரை, இரண்டரை, மூன்றரை என்று ஒரே ஒழுங்கில் போகிறோம். அங்கே 1½ என்பது ‘டேட்’, 2½ என்பது ‘டாயீ’. மூன்றரையிலிருந்துதான் ‘ஸாடே தீன்’, ‘ஸாடே சார்’ என்று ஒழுங்கு தொடங்குகிறது. நான் முதல் வாரம் மாட்டிக்கொண்டது இங்கேதான். சாரத்தின் மேல் நின்றிருந்த ஃபோர்மேன், ‘டாயீ இஞ்ச்’ எல்போ (குழாயை வளைத்து இணைக்கும் துண்டு) நான்கு கொண்டுவரச் சொன்னார். இஞ்சும் எல்போவும் புரிந்தன, ‘டாயீ’ புரியவில்லை. இரண்டு விரலைக் காட்டினேன். அவர் மேலிருந்து பார்த்துத் தலையை ஆட்டினார். நான் ‘டீக் ஹை’, அதாவது சரி என்று சொல்லிவிட்டு இரண்டு இஞ்ச் எல்போக்களைப் பையில் போட்டு ஏணியில் ஏறிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் ஒன்றை எடுத்துக் குழாயின் வாயில் வைத்துப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி குழாயைப் பார்த்தார். திட்டவில்லை. தன் இரண்டு விரலை நீட்டி, மூன்றாவது விரலைப் பாதியாக மடக்கிக் காட்டி ‘டாயீ’ என்றார். ஜூன் மாத வெயிலில் அந்த ஏணியில் மறுபடி இறங்கி ஏறிய பிறகு அந்தச் சொல் எனக்கு மறக்கவே இல்லை.

இதே சொற்கள் பணத்துக்கும் நேரத்துக்கும் வரும். ‘டேட் ஸௌ’ என்றால் 150, ‘டாயீ ஸௌ’ என்றால் 250, ‘டேட் ஹஸார்’ என்றால் 1500. கால் கூடினால் ‘ஸவா’, கால் குறைந்தால் ‘பௌனே’. காலை வண்டி ‘ஸவா பாஞ்ச்’ என்றால் 5.15க்கு, ‘பௌனே பாஞ்ச்’ என்றால் 4.45க்கு. இரண்டையும் மாற்றிக் கேட்டவருக்கு வண்டி போய்விட்டிருக்கும்.

எண்களைக் காதுக்குப் பழக்க எனக்குத் தெரிந்த சிறந்த வழி கிரிக்கெட். இந்தி வர்ணனையை வைத்து, திரையைப் பார்க்காமல் திரும்பி உட்கார்ந்து, அவர்கள் சொல்லும் ரன்னையும் ஓவரையும் தாளில் எழுதுங்கள். ஓவர் முடிந்ததும் திரும்பிச் சரிபாருங்கள். ஒரு ஆட்டத்தில் நூறு எண்ணாவது காதில் விழும். வீட்டில் திட்டவும் மாட்டார்கள்.

நாள் கணக்கில் ஒரே ஒரு எச்சரிக்கை. ‘கல்’ என்றால் நேற்றும்தான், நாளையும்தான். ‘பர்ஸோ’ என்றால் முந்தாநாளும்தான், நாளை மறுநாளும்தான். எது என்பதை வினைதான் சொல்லும். ‘கல் மிலா’ என்றால் நேற்று கிடைத்தது, ‘கல் மிலேகா’ என்றால் நாளை கிடைக்கும். சம்பளத் தேதி கேட்கும்போது வாக்கியத்தைக் கடைசி வரை கேளுங்கள்.

உயிர் காக்கும் சொற்கள்

இரண்டாவது மாதத்தில் வேலைத்தளச் சொற்களுக்கு வாருங்கள். பொருள்களின் பெயரைப் பற்றிக் கவலை வேண்டாம். பைப், வால்வு, கிரேன், ஹெல்மெட், சேஃப்டி பெல்ட் எல்லாம் அங்கேயும் அப்படியே. கற்க வேண்டியவை ஏவல் சொற்கள்: ‘ருகோ’ நில், ‘ஹடோ’ விலகு, ‘பகடோ’ பிடி, ‘சோடோ’ விடு, ‘உடாவ்’ தூக்கு, ‘ரகோ’ கீழே வை, ‘ஊபர்’ மேலே, ‘நீசே’ கீழே, ‘பந்த் கரோ’ நிறுத்து, ‘சாலூ கரோ’ ஓட்டு. இவற்றுக்கு முன்னால் ‘மத்’ சேர்ந்தால் பொருள் தலைகீழ். ‘மத் சோடோ’ என்றால் விட்டுவிடாதே. ‘ருகோ’வும் ‘ரகோ’வும் இரைச்சலில் ஒன்றுபோலக் கேட்கும். நாலு பேர் சேர்ந்து ஒரு சுமையைத் தூக்கி நிற்கும்போது, நிற்கச் சொன்னதை வைக்கச் சொன்னதாக ஒருவர் எடுத்துக்கொண்டால் மற்றவர் கால் நசுங்கும். ஆகவே இந்தப் பத்துச் சொற்களையும் வீட்டில் ஒருவரை உரக்கச் சொல்லச் சொல்லி, கேட்ட நொடியில் உடம்பு செய்கிறதா என்று பாருங்கள். மனத்தில் தமிழாக்கம் செய்து முடிக்கும் அளவுக்கு அங்கே நேரம் கிடைக்காது.

இவற்றோடு மூன்று தற்காப்பு வாக்கியங்கள்: ‘தீரே போலியே’ மெதுவாகச் சொல்லுங்கள், ‘ஃபிர் ஸே போலியே’ திரும்பச் சொல்லுங்கள், ‘ஸமஜ் மே நஹீ ஆயா’ புரியவில்லை. புரியாமல் ‘டீக் ஹை’ சொல்வது நம்மவர்கள் பலருக்கும் உள்ள பழக்கம், எனக்கும் இருந்தது.

மரியாதை

‘ஆப்’ என்பது நீங்கள், ‘தும்’ என்பது நீ. ‘தூ’ அதற்கும் கீழே. மிக நெருங்கியவரிடம் தவிர மற்றவரிடம் சொன்னால் சண்டை வரும். வேலைத்தளத்தில் எல்லாரும் ‘தும்’ என்றாலும் நீங்கள் ‘ஆப்’ என்றே பழகுங்கள். பேத்தியையும் ‘நீங்கள்’ என்றே அழைக்கும் குடும்பங்கள் நம் பக்கத்தில் உண்டு, பழக்கம் கடினமாக இராது. ‘பாய்’ என்று நாம் இங்கே முஸ்லிம் பெரியவர்களை மட்டும் அழைக்கிறோம். அங்கே அது எந்த மதத்தவருக்கும் பொதுவான அண்ணன், தம்பி.

ஆணும் பெண்ணும் தம்மைப் பற்றிச் சொல்லும்போதே வினை மாறும் என்பது நமக்குப் புதிது. போகிறேன் என்பதற்கு ஆண் ‘ஜாதா ஹூ’ என்றால் பெண் ‘ஜாதீ ஹூ’. ஆண் ஆசிரியரின் வீடியோவைப் பார்த்துப் படிக்கும் பெண்கள் அப்படியே திருப்பிச் சொல்லிப் பழகிவிடுகிறார்கள். தொடக்கத்திலேயே மாற்றிச் சொல்லுங்கள். உயிரற்ற பொருளுக்கும் ஆண்பால் பெண்பால் உண்டு. அதைப் பாடம் செய்ய உட்காராதீர்கள். ரொட்டியை ஆணாக்கினாலும் ரொட்டி கிடைக்கும்.

ஊரிலேயே பேசிப் பழக

இப்போது டெல்டாவிலேயே இந்தி பேச ஆள் இருக்கிறது. அரிசி ஆலை, கட்டட வேலை, உணவகம் எங்கும் வட மாநிலத்தவர். நடவுக்குக்கூட மேற்கு வங்கத்திலிருந்து குழுவாக வருகிறார்கள். பக்கத்து ஆலையிலோ வயலிலோ இருப்பவரிடம் வேலை நேரம் போக, ஒரு டீ வாங்கிக் கொடுத்து, ‘எந்த ஊர், எத்தனை பிள்ளைகள், எப்போது ஊருக்குப் போவீர்கள்’ என்று தொடங்குங்கள். நாளைக்கு வேறொரு நாட்டில் நீங்கள் இருக்கப்போகும் அதே நிலையில்தான் அவர் இன்று இங்கே இருக்கிறார். அவருக்கு நீங்கள் பத்துத் தமிழ்ச் சொல் கற்றுக் கொடுத்தால் கணக்கு நேராகிவிடும். சட்டமன்றமும் தெருவும் இந்தித் திணிப்பை எதிர்த்த மாநிலம் இது; அந்தக் கருத்தை வைத்துக்கொண்டே இவரிடம் பேசிப் பழகுவதில் எந்த முரணும் இல்லை.

தட்சிண பாரத இந்தி பிரசார சபையில் சேரலாமா என்று சிலர் கேட்கிறார்கள். 1918இல் காந்தியின் முயற்சியால் சென்னையில் தொடங்கிய அமைப்பு அது. தமிழ்நாட்டுக் கிளை திருச்சி தென்னூரில் இருக்கிறது. பரிச்சய், பிராத்மிக், மத்யமா, ராஷ்டிரபாஷா என்று படிப்படியாகத் தேர்வு நடத்துகிறார்கள். டெல்டாவின் சிறு ஊர்களிலும் வீட்டில் வைத்துச் சொல்லித்தரும் டீச்சர்கள் உண்டு. ஓராண்டு அவகாசம் இருப்பவருக்கு அது நல்ல வழி. மூன்று மாதத்தில் புறப்படுபவருக்கு அந்தப் பாடத்திட்டம் பொருந்தாது. எழுத்திலும் கட்டுரையிலும் நேரம் போய்விடும். அந்த டீச்சரிடமே தேர்வு வேண்டாம், பேச மட்டும் கற்றுத் தாருங்கள் என்று கேட்டுப் பாருங்கள்.

எழுத்து கற்பதைக் கடைசி மாதத்துக்குத் தள்ளலாம். வளைகுடாவில் பலகைகள் அரபியிலும் ஆங்கிலத்திலும் இருக்கும். பாகிஸ்தானியரோ உருது எழுத்தில் எழுதுவார். ஆனாலும் இந்தி எழுதப் பயன்படும் நாகரி எழுத்து தெரிந்தால் ஒலிக் குழப்பம் நீங்கும் என்பதால் விருப்பமுள்ளவர் கற்கலாம். தஞ்சைப் பெரிய கோயில் திருச்சுற்றில், இரண்டாம் சரபோஜி காலத்தில் 1803இல் வெட்டப்பட்ட போன்ஸ்லே வம்ச வரலாறு இருக்கிறது. மொழி மராட்டி, எழுத்து நாகரி. பொருள் புரியாவிட்டாலும் எழுத்துக்கூட்டிப் பார்க்க நம் ஊரிலேயே இவ்வளவு பெரிய சுவர் இருக்கிறது.

இந்தியால் ஆகாதவை

ஒப்பந்தம் பெரும்பாலும் அரபியிலும் ஆங்கிலத்திலும் இருக்கும். இந்தி எவ்வளவு தெரிந்தாலும், கையெழுத்துப் போடுமுன் அதை ஊரில் ஆங்கிலம் தெரிந்த ஒருவரிடம் கொடுத்து வாசித்துப் பொருள் கேளுங்கள். தொழிலாளர் வழக்கு மனுக்களுக்கு அரபி, ஆங்கிலத்தோடு இந்தியையும் மூன்றாவது மொழியாக அபுதாபி நீதித்துறை 2019 பிப்ரவரியில் சேர்த்தது. அதை வைத்து வளைகுடா முழுவதும் அப்படியே என்று எண்ணிவிடக் கூடாது.

வேலைத்தள இந்தியில் அரபுச் சொற்களும் கலந்து வரும். ‘கலாஸ்’ முடிந்தது, ‘முதீர்’ மேலாளர், ‘கஃபீல்’ விசா கொடுத்தவர், ‘இகாமா’ தங்கும் அனுமதி அட்டை. ‘மாஃபீ’ என்பதில் மட்டும் கவனம் தேவை. இந்தியில் அது மன்னிப்பு. வளைகுடா அரபியில் ‘இல்லை’. ‘பைசா மாஃபி’ என்று ஒருவர் சொன்னால் அவர் மன்னிப்புக் கேட்கவில்லை, பணம் இல்லை என்கிறார்.

புறப்படும் வாரம்

கடைசி வாரம் நேரில் பேசுவதை நிறுத்திவிட்டு, ஏற்கெனவே அங்கே இருக்கும் சொந்தக்காரரிடம் தினமும் ஐந்து நிமிடம் போனில் இந்தியிலேயே பேசச் சொல்லுங்கள். நேரில் கையும் முகமும் பாதிப் பொருளைச் சொல்லிவிடும். போனில் காது மட்டும்தான். அறை எண், வண்டி எண், நேரம் மூன்றையும் அவர் சொல்ல, நீங்கள் எழுதித் திருப்பிச் சொல்லுங்கள். மொழிபெயர்ப்புச் செயலியில் இந்தி, தமிழ் இரண்டையும் இணையம் இல்லாமல் இயங்கும்படி திருச்சியில் விமானம் ஏறுமுன்பே இறக்கிவைத்துக்கொள்ளுங்கள். அங்கே சிம் கார்டு கிடைக்கச் சில நாள் ஆகலாம்.

இறங்கியதும், உடன் வந்தவரின் போனிலோ விமான நிலையத்தில் வேறு யாருடையதிலோ பேச வேண்டியிருக்கும் முதல் ஆள் பெரும்பாலும் கம்பெனி ஓட்டுநர்தான். ‘கஹா ஹோ?’ என்பார், எங்கே இருக்கிறாய் என்று. ‘கேட் தோ கே பாஹர் கடா ஹூ’, இரண்டாம் கேட்டுக்கு வெளியே நிற்கிறேன்; பெண்ணாக இருந்தால் ‘கடீ ஹூ’. கேட் எண்ணை மட்டும் பலகையைப் பார்த்து மாற்றிச் சொல்லுங்கள்.